ஐந்து மைல் வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டி முடித்த வீட்டில் குடியிருந்து பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் காலத்து வீடு எத்தனை சிறியதாக இருந்தாலும், சித்திரை மாதத்து நடுப்பகலில் அதற்குள் நுழைந்தவனுக்கு "அப்பாடா!" என்று சொல்லத் தோன்றியது. இப்பொழுதோ வீட்டுக்குள் நுழைந்தவன் "அப்பாடா!" என்று சொல்வதற்காக வெளியே வேப்ப மரத்தடிக்கு வர வேண்டியிருக்கிறது. ஆகவே பழமொழியில் மூன்றாவது வாக்கியம் ஒன்றைச் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலம் வட்டத்தைச் சேர்ந்த நைனார்பாளையத்தை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். வடமேற்கே கல்வராயன் மலை. சுற்றிலும் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் நிலங்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மூன்று தலைமுறை வீடுகளை ஒரே நடையில் பார்த்துவிடலாம். கரும்புத் தோகையோ பனை ஓலையோ வேய்ந்த மண்சுவர் வீடு பாட்டனாருடையது. நாட்டு ஓடு போட்டுத் திண்ணை வைத்த வீடு தகப்பனாருடையது. சிமெண்டுத் தளம் போட்டுச் சதுரமாக நிற்கும் மெத்தை வீடு பிள்ளையாண்டானுடையது. கோடை இரவில் இம்மூன்று வீட்டாரும் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மெத்தை வீட்டுக்காரர்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு முதலில் வாசலுக்கு வருகிறவர்!

இதைக் கண்டு நகைப்பது எளிது. பழைய கூரை வீட்டின் குளிர்ச்சியைப் பற்றிப் பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் பரவசத்துடன் பேசுவதும் எளிது. ஆனால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கூரை மாற்றுகிறவர்களுக்கும், ஐப்பசி மழையில் இரவெல்லாம் பாத்திரங்களை வரிசையாக வைத்து ஒழுக்கைப் பிடிக்கிறவர்களுக்கும் அந்தப் பரவசம் உண்டாவதில்லை. பாம்பு, எலி, கரையான் ஆகிய விருந்தாளிகள் அழைக்காமலே வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தீ. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ந் தேதி கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிற நம்மைப் போன்றவர்கள் அந்த நாளை மறக்க முடியாது. கூரையை விட்டுத் தளத்துக்கு மாற வேண்டும் என்று ஏழை ஜனங்கள் ஆசைப்படுவது பகட்டுக்காக மட்டும் அன்று, நிம்மதியாகத் தூங்குவதற்காக.

ஆகவே நம் முன் உள்ள கேள்வி, பழைய வீடா புதிய வீடா என்பது அல்ல. தீக்கும் மழைக்கும் அஞ்சாத வீடு, வெயிலுக்கும் அஞ்சாததாக இருக்க முடியாதா? கட்டுகிறவனைக் கடனாளி ஆக்காமல் எழும்ப முடியாதா? வீட்டிலுள்ள கிழவிக்கும் குழந்தைக்கும் ஊனமுற்ற பிள்ளைக்கும் அது சமமாகச் சொந்தமாக இருக்க முடியாதா? இக்கேள்விகளைத் தம் தொழிலின் ஆரம்பப் பாடமாக வைத்துக் கொண்ட ஒரு கட்டடக் கலைஞர் நம் அண்டை மாநிலமான கேரளத்தில் வாழ்ந்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் அமைத்த ஸ்தாபனம் இன்றும் வேலை செய்து வருகிறது. அவர்களிடமிருந்து நைனார்பாளையம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

கந்தல் துணிச் செருப்பு

அவர் பெயர் லாரி பேக்கர். 1917ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். அங்கேயே கட்டடக் கலை பயின்றவர். க்வேக்கர் என்னும் சமாதானப் பற்றுள்ள கிறிஸ்தவ சமூகத்தைச் சேர்ந்தவராதலால், இரண்டாம் உலக யுத்தத்தில் துப்பாக்கி ஏந்தாமல், காயம்பட்டோருக்குப் பணி செய்யும் குழுவில் சேர்ந்து சீன தேசம் சென்றார். அங்கே குஷ்டரோகிகளிடையே ஊழியம் செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருக்க நேர்ந்தது. அப்பொழுது மகாத்மா காந்தியைச் சந்தித்தார்.

அந்தச் சந்திப்பைப் பற்றிப் பேக்கரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கந்தல் துணிகளைக் கொண்டு கையால் செய்த செருப்பு அவர் காலில் இருந்தது. கை வேலையில் நாட்டமுள்ள காந்தியடிகளின் கண் முதலில் அதன் மேல்தான் விழுந்தது. செருப்பைப் பற்றிய பேச்சு கட்டடத்தைப் பற்றிய பேச்சாக வளர்ந்தது. இந்த இளைஞரைப் போன்றவர்களின் திறமை இந்தியாவின் கிராமங்களுக்குத் தேவை என்று காந்தியடிகள் அபிப்பிராயப்பட்டார். லட்சிய கிராமத்தின் வீடு, அவ்வூரைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்பது காந்தியடிகளின் கொள்கை. 1937 ஜனவரியில் "ஹரிஜன்" பத்திரிகையிலும் அவர் அதை எழுதியிருந்தார். வெளிச்சமும் காற்றும் போதிய அளவு இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தார்.

இதைக் கேட்ட எத்தனையோ பேர் தலையை அசைத்துவிட்டுத் தம் காரியத்தைப் பார்க்கப் போனார்கள். பேக்கர் 1945ல் இந்தியாவுக்கே திரும்பி வந்து, குஷ்டரோகிகளுக்கான விடுதிகளைச் சீரமைக்கும் வேலையில் இறங்கினார். 1948ல் எலிசபெத் ஜேக்கப் என்ற கேரளத்து டாக்டரை மணந்து, தம்பதிகள் இருவரும் இமயமலைச் சாரலில் பித்தோராகட் பகுதியில் சுமார் 16 ஆண்டுகள் வைத்தியசாலை நடத்தினார்கள். மேனாட்டில் படித்த படிப்பு அங்கே அவருக்கு அதிகம் பயன்படவில்லை. மலைவாசிகள் பரம்பரையாகக் கட்டிவந்த கல் வீடும் மண் சுவரும் மரச் சட்டமும் குளிருக்கும் மழைக்கும் எவ்வளவு பொருத்தம் என்பதைக் கண்டார். பட்டம் பெற்ற ஒருவர், பள்ளிக்கூடம் காணாத கொத்தனாரிடம் மறுபடியும் பாடம் படித்தார். பேக்கருடைய பெருமை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

பிறகு கேரளத்துக்கு வந்து, 1970ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தில் நிலைத்தார். பொருளாதார நிபுணர் கே. என். ராஜ், முதல் மந்திரி சி. அச்சுத மேனன் ஆகியோரின் ஆதரவால் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களைக் கட்டும் பணி அவரிடம் வந்தது. பூச்சில்லாத செங்கற் சுவர்கள். கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் காற்றையும் வெளிச்சத்தையும் வடிகட்டி அனுப்பும் சல்லடைச் சுவர்கள். நின்ற மரங்களை வெட்டாமல் அவற்றுக்கு வழிவிட்டு வளைந்து செல்லும் கட்டடங்கள். பெரிய சர்வகலாசாலைக் கட்டடங்களுக்கும் இந்தச் சிக்கன முறை ஏற்றது என்பதை அது நிரூபித்தது. சிக்கனம் என்பது ஏழைக்கு மட்டும் விதித்த தண்டனை அன்று, பணக்காரனுக்கும் உரிய ஒழுக்கம் என்பது பேக்கரின் கட்சி.

1985ல் அச்சுத மேனன், கே. என். ராஜ், டி. ஆர். சந்திரதத், பேக்கர் ஆகியோர் கூடி "காஸ்ட்போர்ட்" என்ற ஸ்தாபனத்தைத் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கினார்கள். கிராம வளர்ச்சிக்கான விஞ்ஞான தொழில் நுட்ப மையம் என்பது அதன் பொருள். வீட்டுப் படம் வரைந்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிச் செல்லும் நிலையமாக அது அமையவில்லை. படம் வரைதல், கொத்தனாரைப் பழக்குதல், நின்று கட்டுதல், கணக்குக் காட்டுதல் எல்லாம் ஒரே கையால் நடந்தன. பேக்கர் 1989ல் இந்தியப் பிரஜையானார். 1990ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007 ஏப்ரல் 1ந் தேதி தம் 90வது வயதில் காலமானார். அவருக்குப் பின்னும் காஸ்ட்போர்ட் இளைஞர்களைப் பழக்கிக்கொண்டு வேலையைத் தொடர்கிறது.

எலிப்பொறியும் ஓடும்

கொள்கை நன்று; செங்கல் எப்படி வைக்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். அதையும் சொல்லிவிடுவோம். வீடு கட்ட உத்தேசித்திருப்பவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்வது நலம்.

நம் ஊர்க் கொத்தனார் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பும்போது செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுகிறார். பேக்கர் முறையில் செங்கல்லைக் குத்தாக, அதன் பக்கவாட்டில் நிறுத்துகிறார்கள். உள் முகத்துக்கு ஒன்று, வெளி முகத்துக்கு ஒன்று. அடுத்து இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒன்று. நடுவில் ஒரு வெற்றிடம் நின்றுவிடும். மேலேயிருந்து பார்த்தால் எலிப்பொறியைப் போல் இருப்பதால் அதற்கு எலிப்பொறிக் கட்டு என்றே பெயர். சுவரின் கனம் குறைவதில்லை, செங்கல்லிலோ ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது, கலவையும் குறைகிறது. அந்த வெற்றிடத்தில் அடைபட்ட காற்று வெளிச் சூட்டை எளிதில் உள்ளே விடுவதில்லை. மின்சாரக் கம்பி செல்லும் குழாயையும் அதற்குள்ளேயே விட்டுக்கொள்ளலாம். காசு குறையக் குறையக் குளிர்ச்சி கூடுகிற அதிசயம் இது.

அடுத்தது தளம். சிமெண்டுக் கான்கிரீட்டுத் தளத்தில் பாரம் ஏறும்பொழுது மேற்பகுதி நசுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. நசுக்கலைத் தாங்கக் கான்கிரீட்டுக்குச் சக்தி உண்டு. இழுப்பைத் தாங்குவது கம்பி. ஆகவே தளத்தின் கீழ்ப்பகுதியில், கம்பிக்குக் கம்பி இடையேயுள்ள கான்கிரீட்டு பெரும்பாலும் சும்மா கனத்துக் கொண்டு கிடக்கிறது. குடும்பத்தில் சிலர் இருப்பதில்லையா, அப்படி! பேக்கர் அந்தச் சோம்பேறிக் கான்கிரீட்டை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்து வார்த்தார். பாரம் குறைந்தது, சிமெண்டும் கம்பியும் குறைந்தன, ஓடுகளுக்கிடையே நின்ற காற்று சூட்டைத் தடுத்தது. அண்ணாந்து பார்த்தால் ஓட்டு வரிசை அழகாகத் தெரிகிறது. பூச்சும் தேவையில்லை.

நம் தமிழ்நாட்டுக் கொத்தனார்களுக்கு இது முற்றிலும் அந்நியமான சங்கதி அன்று. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் பிணைத்து, மேலே தட்டோடு பதிக்கும் "மதராஸ் தளம்" நம்மவர் கண்டது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தும் கை நம்மிடம் இருந்தது. அதை மறந்த கைதான் இன்று நம்மிடம் இருக்கிறது.

இதற்கு மேல் உலகத்தின் கணக்கு ஒன்று உண்டு. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி வரை காய்ச்சித்தான் சிமெண்டு தயாராகிறது. நமக்குத் தென்கிழக்கே அரியலூரில் அந்த ஆலைகளைக் காணலாம். உலகில் மனிதர்களின் காரியங்களால் வெளியாகும் கரியமில வாயுவில் 100க்கு ஏறத்தாழ 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. கோடை வருஷத்துக்கு வருஷம் கடுமையாவதற்குக் காரணமான வாயு அது. வெயிலுக்குப் பயந்து நாம் கட்டுகிற வீடே வெயிலை வளர்க்கிறது என்றால், நாம் வேறு விதமாகக் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டாமா?

மண் என்றால் மட்டமா?

"அப்படியானால் மறுபடியும் மண் வீட்டுக்கே போகச் சொல்கிறீரா?" என்று நைனார்பாளையத்துப் பெரியவர் ஒருவர் கேட்கக்கூடும். அவர் கேட்பதில் ஒரு நியாயமான வலி இருக்கிறது. மண் வீடு என்பது நம் நாட்டில் வெறும் வீடாக இருந்ததில்லை. ஏழ்மையின் அடையாளமாக இருந்தது. பல இடங்களில் இன்ன சாதியார் மெத்தை வீடு கட்டக் கூடாது என்ற அக்கிரமத்தின் அடையாளமாகவும் இருந்தது. அந்த அவமானத்தை மூன்று தலைமுறை சுமந்தவனிடம் போய், "மண்ணே மேல்" என்று உபதேசம் செய்வது இரக்கமற்ற செயல்.

அதற்குரிய விடையை நம் அருகிலேயே காணலாம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்கு முன் நாமெல்லாம் விழுப்புரம் மாவட்டத்தார். அம்மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், புதுச்சேரியை அடுத்து, 1968ல் தோன்றிய ஆரோவில் நகரம் இருக்கிறது. அங்கே 1989 முதல் நடந்துவரும் மண் கட்டுமான நிலையத்தில், மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு சிமெண்டைக் கலந்து, சற்றே ஈரப்படுத்தி, கையால் இயக்கும் அச்சு யந்திரத்தில் வைத்து அழுத்திக் கல்லாக்குகிறார்கள். சூளை இல்லை, விறகு இல்லை, புகை இல்லை. சில வாரங்கள் நனைத்துப் பதப்படுத்தினால் கல் உறுதியாகிவிடுகிறது. அந்தக் கல்லைக் கொண்டு மாடிக் கட்டடங்களும், கம்பியே இல்லாத வளைவுக் கூரைகளும் எழுப்பியிருக்கிறார்கள். பல தேசங்களிலிருந்து மாணவர்கள் வந்து கற்றுச் செல்கிறார்கள். நம் தாத்தா வெட்கப்பட்ட அதே மண், முறையறிந்து கையாண்டபோது உலகத்தாரை அழைத்து வருகிறது.

ஆனால் எல்லா மண்ணும் இதற்கு உதவாது. மணற்பாங்கான செம்மண் நன்று. வெடித்துச் சுருங்கும் கரிசல் மண் ஆகாது. பயிர் விளையும் மேல் மண்ணை முதலில் வாரி ஒதுக்கி வைத்து, வேலை முடிந்தபின் மறுபடியும் நிலத்தில் பரப்ப வேண்டும். கீழ் மண்ணைத்தான் கல்லாக்க வேண்டும். ஐந்து மைலுக்குள் எந்த மண் கிடைக்கிறது என்று முதலில் பார். பிறகு எந்த வீடு என்று தீர்மானி என்பதுதான் காந்தியடிகளின் கணக்கின் சாரம். கல்வராயன் மலைமேல் வாழும் மலையாளி வகுப்பு ஆதிவாசிகள் மூங்கிலைப் பின்னி மண் பூசிச் சுவர் வைத்த காலத்தில், இந்தக் கணக்கை ஒருவரும் சொல்லித்தராமலே அறிந்திருந்தார்கள்.

யாருக்கு வீடு?

பொருளைப் பற்றி இவ்வளவு சொன்னோம். ஆனால் பேக்கரையும் அவர் கூட்டத்தாரையும் மற்றக் கட்டடக் கலைஞர்களினின்று பிரித்துக் காட்டுவது செங்கல் அன்று. முதலில் அவர்கள் கேட்ட கேள்வி. "எத்தனை சதுர அடி?" என்று கேட்பதற்கு முன்னால், "யார் யார் குடியிருக்கப் போகிறார்கள்? என்ன வேலை செய்கிறார்கள்? எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். 1970களில் திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறையில் செம்படவர்களுக்கு வீடு கட்டும்போது, வீடுகளைப் பட்டாளம் போல் நேர் வரிசையில் நிறுத்தாமல் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்படி அமைத்தார் பேக்கர். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று வர வேண்டும். வலை உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் இடம் வேண்டும். கடலுக்குப் போனவன் திரும்புவதை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும். ஏழைக்குக் கட்டும் வீட்டுக்கும் யோசனை செலவழிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பணம் இல்லாத இடத்தில்தான் யோசனை அதிகம் தேவைப்படுகிறது.

நம் வீடுகளை இக்கேள்வியால் அளந்து பார்ப்போம். நைனார்பாளையத்தில் இரண்டடி உயரத்தில் கடைக்கால் எழுப்பிய வீடு என்று வைத்துக் கொள்வோம். மூன்று படிகள்; கைப்பிடி கிடையாது. முழங்கால் நோவுள்ள அம்மாச்சிக்கு அந்த மூன்று படியும் கல்வராயன் மலை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கோ அதுவும் இல்லை. யாரேனும் தூக்கினால்தான் உண்டு. சறுக்குப் பாதையின் விதி ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது. ஆகவே இரண்டடி உயரத்துக்கு 24 அடி வேண்டும். வீடு முடிந்த பிறகு 24 அடியை எங்கே தேடுவது? கடைக்கால் தோண்டுமுன் யோசித்தால், வெள்ளம் வராத மேட்டு மனையில் உயரத்தைக் குறைத்துக் கொள்ளலாம். பாதையைச் சுவரோரமாகத் திருப்பி விடலாம். ஒரு பைசா அதிகம் இல்லாமல் முடிகிற காரியம், ஒரு மாதம் தாமதித்தால் ஆயிரக்கணக்கில் கேட்கிறது.

பள்ளிக்கூடங்களுக்கு இது இன்னும் பொருந்தும். கால் நடக்காத குழந்தைக்கு மூளை நடக்கிறது; வகுப்பறைக்கு வெளியே உள்ள இரண்டு படி அந்த மூளையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. அதற்குக் கட்டாயமான விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. சட்டமும் தீர்ப்பும் டில்லியில் பிறக்கலாம். படியை உடைக்க வேண்டியது ஊர்க் கொத்தனாரின் சுத்தியல்தான்.

பெண்களையும் இந்தக் கேள்வியில் சேர்க்க வேண்டும். கட்டட வேலையில் மண் சுமக்கிறவள், கல் எடுத்துக் கொடுக்கிறவள், கலவை போடுகிறவள் பெண். ஆனால் சித்தாளாகச் சேர்ந்தவள் சித்தாளாகவே கிழவியாகிறாள். கரணை அவள் கைக்கு வருவதில்லை. கேரளத்தில் பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கி, சுவர் எழுப்பும் கூலியை அவர்கள் பெறும்படி செய்த முயற்சிகள் நடந்திருக்கின்றன. சிமெண்டையும் கம்பியையும் குறைத்துக் கைவேலையைக் கூட்டும் முறைக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. கம்பிக்குக் கொடுக்கும் பணம் எங்கோ உள்ள ஆலைக்குப் போகிறது. கூலிக்குக் கொடுக்கும் பணம் மறுநாள் ஊர்ச் சந்தைக்கு வருகிறது. காந்தியடிகள் கதரைப் பற்றிச் சொன்ன பொருளாதாரம் சுவருக்கும் பொருந்தும்.

ஒரு வீட்டின் எல்லையோடு விஷயம் முடியவில்லை. நம் பழைய கிராம அமைப்பில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். திண்ணையைப் புகழ்கிறவர்கள், அந்தத் திண்ணையில் உட்கார யாருக்கு அனுமதி இருந்தது என்பதையும் நினைக்க வேண்டும். 1997ல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய சமத்துவபுரம் திட்டத்தில் 100 வீடுகள் ஒரே மாதிரியாக, பல வகுப்பினரும் கலந்து வாழும்படி அமைந்தன. முதல் சமத்துவபுரம் 1998ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. மனை பிரிக்கும் கோடு சமூகத்தையும் பிரிக்கிறது. கோட்டை மாற்றிப் போட்டால் அடுத்த வீட்டுக்காரனும் மாறுகிறான். வீதியை வகுப்பதும் கட்டடக் கலையே.

கஷ்டங்கள் இல்லையா?

உண்டு. மறைப்பதற்கில்லை. எலிப்பொறிக் கட்டுக்கு ஒரே அளவான, விளிம்பு உடையாத நல்ல செங்கல் வேண்டும். கோணல் மாணலான கல்லில் அது நிற்காது. பழகாத கொத்தனார் வெற்றிடத்தில் கலவையைக் கொட்டி நிரப்பிவிட்டால் மிச்சமும் போயிற்று, குளிர்ச்சியும் போயிற்று. ஓடு பதித்த தளத்தில் கம்பியின் இடைவெளியை அறிந்தவர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். கண் திட்டத்தில் செய்யக் கூடாது. பூசாத சுவருக்குக் கூரையின் இறவாணம் நன்றாக நீண்டு மழையைத் தடுக்க வேண்டும். கடைக்காலில் கரையானுக்கு முன்னேற்பாடு வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம், சம்பந்தி வீட்டார் வந்து, "என்ன, இன்னும் பூசவில்லையா? பணம் போதவில்லையோ?" என்று கேட்பது. இந்தக் கேள்விக்கு எந்த இஞ்சினியரிடமும் மருந்து இல்லை. வீட்டுக்கு உடையவர் சிரித்துக்கொண்டே, "உள்ளே வாருங்கள், மாமா, விசிறி போடாமல் உட்கார்ந்து பாருங்கள்" என்று சொல்ல வேண்டியதுதான்.

ஆகவே நம் ஊர்களுக்கு வேண்டியது பேக்கர் வீட்டின் நகல் அல்ல. பேக்கர் கேட்ட கேள்விகள். வீடு கட்டப் போகிறவர்கள் மேஸ்திரியை அழைத்து உட்கார வைத்து இவற்றைக் கேட்கட்டும். மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, அங்கே மரமோ தாழ்வாரமோ உண்டா? எதிரும் புதிருமாகக் காற்று ஓட ஜன்னல் இருக்கிறதா? அடுப்புப் புகை எங்கே போகிறது? கிழவர் கக்கூசுக்கு இரவில் எத்தனை படி இறங்க வேண்டும்? மாடியிலிருந்து விழும் மழைத் தண்ணீர் கிணற்றுக்கா, தெருவுக்கா? இந்தச் சாமான் ஐந்து மைலுக்குள் கிடைக்கவில்லையென்றால், அது இல்லாமல் முடியாதா? "எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்" என்று மேஸ்திரி சொன்னால், "அது சரி, நம் வீட்டில் எல்லாரும் குடியிருக்கப் போவதில்லையே, ஐயா!" என்று மரியாதையாகவே சொல்லலாம்.

பட்டணத்திலே கட்டடக் கலைஞர் என்று பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். கிராமத்தில் அந்த ஸ்தானம் கொத்தனாருடையது. அவருக்குப் புதிய முறைகளைக் கற்பிக்க ஒன்றியந்தோறும் பத்து நாள் பயிற்சி நடத்தினால், அதன் பயன் ஐம்பது வருஷத்துக்கு ஊரில் நிற்கும். பேக்கர் தாமே படம் வரைந்து, எளிய நடையில் சிறு பிரசுரங்கள் எழுதினார். தமிழில் அப்படிப்பட்ட படப் புஸ்தகம் ஒவ்வொரு கொத்தனார் பையிலும் இருக்க வேண்டும்.

சர்க்காரும் இப்பொழுது பெரிய அளவில் வீடு கட்டுகிறது. குடிசைகளை ஒழித்து 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட்டு வீடுகள் கட்டுவது என்று 2024ல் தமிழ்நாட்டு சர்க்கார் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. முதல் வருஷத்துக்கு ஒரு லட்சம் வீடு; ஒவ்வொன்றுக்கும் 3.5 லட்சம் ரூபாய். வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட்டுத் தளம். மீதி 60 சதுர அடிக்குக் குடும்பத்தார் விருப்பப்படி வேறு விதமான, தீப்பிடிக்காத கூரை அமைத்துக் கொள்ளலாம்.

அந்த 60 சதுர அடியைத்தான் நாம் வாசகர்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். அது ஆறடி அகலம், பத்தடி நீளம். ஓடு வேய்ந்த ஒரு தாழ்வாரம் அதில் அடங்கும். பாட்டி பகலில் படுக்கலாம். பெண் குழந்தை வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கலாம். வழிப்போக்கன் யாராயிருந்தாலும் தண்ணீர் கேட்டு நிற்கலாம். மேற்குப் பக்கம் அமைத்தால் சுவருக்கே நிழலாகும். எட்டு லட்சம் குடும்பங்களின் கையில் ஆளுக்கு அறுபது சதுர அடி யோசனைக்காக விடப்பட்டிருக்கிறது. அதைச் சாமான் போடும் மூலையாக்கி விடாமல், கடைக்கால் வெட்டுவதற்கு முதல் நாள் வீட்டிலுள்ள எல்லோரும், கிழவியும் குழந்தையும் உட்பட, சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசட்டும். நல்ல கட்டடக் கலை அந்த ஒரு மணி நேரத்தில் ஆரம்பமாகிறது.